முதுமைக்கு வைத்த பணம் முதலில் சேருமா?



புதுக்கணக்குப் போடும் நாளில் நம்மில் பலர் கடைக் கணக்கோடு சொந்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறோம். இருப்பதையெல்லாம் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவதே நம் நிகர மதிப்பு. அந்தக் கூட்டலில் பி.பி.எப். போன்ற முதுமைக்காலச் சேமிப்பைச் சேர்க்கலாமா, கூடாதா? சேர்க்கத்தான் வேண்டும்; ஆனால் தனி வரியில் சேர்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மளிகைக் கடைக்காரருக்குச் சரக்கிருப்பு 6 லட்சம். வரவேண்டிய பாக்கி 2 லட்சம். கடை அட்வான்சும் வங்கி இருப்பும் 2 லட்சம். ஆக 10 லட்சம். மொத்த வியாபாரிக்கும் வங்கிக்கும் தரவேண்டியது 7 லட்சம். மிச்சம் 3 லட்சம். பி.பி.எப். கணக்கில் 9 லட்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் 12 லட்சம். 12 லட்சத்தைப் பார்ப்பவர் இரண்டாவது கடைக்குத் துணிந்து கடன் வாங்குவார். 3 லட்சத்தைப் பார்ப்பவர் ஒருமுறை யோசிப்பார். ஆள் ஒருவரே, கூட்டல்தான் வேறு.

1968இல் வந்த பி.பி.எப். திட்டத்துக்குத் தவணை 15 ஆண்டுகள். ஏழாம் நிதியாண்டு முதல்தான் ஒரு பகுதியை எடுக்கலாம். தவணைக்கு முன்பே கணக்கை முடிப்பதானால், 5 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். கடும் நோய், உயர்கல்வி, வெளிநாட்டில் குடியேறுதல் போன்ற காரணமும் வேண்டும். வியாபார நட்டம் அந்தக் காரணங்களில் இல்லை. நாம் பட்ட கடனுக்காக அந்த இருப்பை நீதிமன்றம் ஜப்தி செய்யவும் சட்டம் இடம் தரவில்லை. கடன்காரர் கைவைக்க முடியாத பணத்தை நாமே எடுத்துக் கடையில் போடலாமா?

'சரக்கில் போட்டால் வட்டியைவிட லாபம் கூடுதலாயிற்றே' என்பார்கள். உண்மைதான். ஆனால் விலை சரிந்தால் சரக்கும் சரியும், பாக்கியும் நிற்கும். அன்று முதுமைப் பணமும் கூடவே போய்விட்டால், 60 வயதுக்கு மேல் எந்த முதலை வைத்து மறுபடி தொடங்குவது?

அதற்காக அதைக் கணக்கிலேயே காட்டாமல் விடுவதும் தவறு. விட்டுவிட்டால் கடையை விட்டால் கதியில்லை என்றே கடைசிவரை நினைத்திருப்போம். ஆகவே இரண்டு கூட்டல் போடுவோம். முதுமைப் பணம் சேராத தொகை, எவ்வளவு கடன் தாங்கும் என்பதைச் சொல்லும். சேர்த்த தொகை, எப்போது ஓய்வு பெறலாம் என்பதைச் சொல்லும். ஆயுள் காப்பீட்டைச் சேர்ப்பதானால் முதிர்வுத் தொகையை எழுதாமல், இன்று ஒப்படைத்தால் கிடைக்கும் தொகையையே எழுத வேண்டும்.

தனி வரி எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்த வரி காலியாக இருந்தால் உடனே கண்ணில் படும். சம்பளக்காரருக்கு மாதந்தோறும் பிடித்தம் செய்ய முதலாளி இருக்கிறார். நமக்கு முதலாளியும் நாமே, பிடித்தம் செய்ய வேண்டியவரும் நாமே. கல்லாவிலிருந்து கடைக்கு எடுத்தது போக, முதுமைக்கும் மாதம் ஒரு பங்கு எடுத்து வைப்போம்.