பம்ப் போச்சுன்னா பம்ப்பையே தூக்கிப் போடணுமா?

பழைய கார் வைத்திருக்கும் யாரிடமாவது "பெட்ரோல் பம்ப் போயிடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பதில் ரெடியாக இருக்கும். "புது செட் வாங்கி மாட்டிடு" என்பது ஒன்று. "எலெக்ட்ரிக் பம்ப் போட்டுடு, தொல்லை விட்டுது" என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது: "கழட்டு, பார்ப்போம்." அதைச் சொல்கிற ஆட்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இந்தப் பதிவு அந்த மூன்றாவது கட்சிக்கு ஓட்டு கேட்கிற பதிவு. "பி.காம். படிக்கிற உனக்கு எதுக்குப்பா கார்பரேட்டர் விவகாரம்?" என்று கேட்கப் போகும் கிளாஸ்மேட்டுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது முழுக்க முழுக்க நம்ம சிலபஸ் சமாச்சாரம்தான். பாதி வழியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வருகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

பேசப் போகும் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இது நம்ம மெட்ராஸ் வண்டி, மக்களே. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி இங்கே தயாரித்தது. 1968-ல் நாலு கதவு வைத்து மார்க் 3 என்று ஒன்று விட்டார்கள். நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்துக்காரனுக்கே கிடைக்கவில்லை. அப்புறம் கெஸல் வந்தது, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, 1988-ல் கார் உற்பத்தியே நின்றது. ஆக, இந்த வண்டிக்கு இன்றைக்கு ஷோரூம் கிடையாது, சர்வீஸ் சென்டர் கிடையாது, கம்ப்ளெய்ன்ட் பண்ண கஸ்டமர் கேர் நம்பரும் கிடையாது. எங்க மாமா மாதிரி பிடிவாதக்காரர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

இப்போது பம்ப்புக்கு வருவோம். இந்தக் காலத்து வண்டி மாதிரி டேங்க்குக்குள் மோட்டார் எல்லாம் இல்லை. எஞ்சின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவு ஒரு சாமான் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். எஞ்சினின் கேம் ஷாஃப்ட் சுற்றும்போது இதன் லீவரைத் தள்ளும். லீவர் உள்ளே இருக்கும் ரப்பர் பூசிய துணியை, அதாவது டயாஃப்ரத்தை, கீழே இழுக்கும். அப்போது டேங்க்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். லீவர் விட்டதும் அடியில் இருக்கும் ஸ்பிரிங் டயாஃப்ரத்தை மேலே தள்ளும், பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகும். பின்னால் ஓடாமல் தடுக்க இரண்டு குட்டி வால்வு. அவ்வளவுதான் மொத்த ரகசியம்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. பெட்ரோலைத் தள்ளுவது எஞ்சின் இல்லை, ஸ்பிரிங். கார்பரேட்டர் நிறைந்து ஊசி மூடிக்கொண்டால் ஸ்பிரிங் தள்ள முடியாமல் அப்படியே நிற்கும், லீவர் மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். கார்பரேட்டருக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், ஸ்பிரிங் அதைத்தான் கொடுக்கிறது. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, வயர்கூட இல்லை. எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும்.

இதில் கெட்டுப்போவது எது? பெரும்பாலும் அந்த ரப்பர் துணிதான். காய்ந்து வெடிக்கும், அல்லது ஊறிப் போகும். கிழிந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகும். சில சமயம் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். இரண்டாவது மகா ஆபத்து. ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும், உள்ளே பெட்ரோல் ஆவி சேரும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, வண்டியை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள்.

இன்னொரு விஷயம், பம்ப் மேல் போடப்படும் வழக்குகளில் பாதி பொய் வழக்கு. ஓசூர் குளுகுளுவில் ஒழுங்காக ஓடிய வண்டி சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரி பக்கம் இறங்கினதும் மூச்சுத் திணறி நிற்கும். பைப்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதுதான் காரணம். அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றியது சும்மா இல்லை. டேங்க் மூடியில் காற்று ஓட்டை அடைத்திருந்தாலும், ரப்பர் ஹோஸ் எங்காவது வெடித்துக் காற்றை இழுத்தாலும் இதே கதைதான். இதையெல்லாம் பார்க்காமலே "பம்ப் காலி" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

போன கோடையில் மாமாவின் 1970 மாடலில் நிஜமாகவே டயாஃப்ரம் கிழிந்தது. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் போய்க் கேட்டோம். "டயாஃப்ரம் தனியா வராது தம்பி, செட்டா எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். எடுத்துக்கொண்டு வந்து மாட்டினால் லீவரின் வளைவு வேறு, அடித்தட்டு சரியாக உட்காரவில்லை, இரண்டே நாளில் ஆயில் கசிவு. பாகலூர் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "பழசு எங்கே?"

பழசு டிக்கியில் இருந்தது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் வண்டிகளுக்கு இன்னமும் டயாஃப்ரம், வால்வு, பேக்கிங் அடங்கிய கிட் பொட்டலமாகக் கிடைக்கிறது. அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். பிரிப்பதற்கு முன் அண்ணன் மேல் பாதி, கீழ் பாதி இரண்டுக்கும் சேர்த்து அரத்தால் ஒரு கோடு போட்டார், திரும்பப் பூட்டும்போது திசை மாறாமல் இருக்க. ஸ்க்ரூக்களை ஒரேயடியாக முறுக்காமல், லீவரை முழுசாக அமுக்கி டயாஃப்ரத்தைத் தளரவிட்டு, எதிரெதிராக ஒவ்வொன்றாக முறுக்கினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 1970-ல் வந்த பம்ப் இன்றைக்கும் ஓடுகிறது.

"இவ்வளவு மெனக்கெடுவதற்கு எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருக்கலாமே?" போடலாம். ஆனால் இன்ஜெக்ஷன் காருக்கான பம்ப்பைத் தெரியாமல் போட்டால் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும், கார்பரேட்டர் நிரம்பி வழியும். குறைந்த அழுத்தப் பம்ப்பாகப் பார்த்துப் போட்டாலும், வண்டி எங்காவது மோதி எஞ்சின் நின்றபின் சாவி ஆனில் இருக்கும்வரை அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த தனியாக ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும். பழைய கார்களில் எலெக்ட்ரிக் பம்ப் மாட்டித் தருகிற எத்தனை பேர் அந்த சுவிட்சையும் சேர்த்து மாட்டுகிறார்கள்? உங்கள் வண்டியில் இருந்தால் இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

சரி, வாக்குக் கொடுத்த சுப்ரீம் கோர்ட்.

1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 31-வது பிரிவில் "நடப்பு ரிப்பேர்" என்று ஒரு சமாச்சாரம் இருந்தது. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில், பழைய ரிங் ஃபிரேமை எடுத்துவிட்டுப் புது ரிங் ஃபிரேம் வைத்த செலவை ரிப்பேர் செலவாகக் காட்டலாமா என்று கேள்வி. 2007-ல் சுப்ரீம் கோர்ட் முடியாது என்றது. ஏற்கெனவே இருக்கும் சொத்தைக் காப்பாற்றி வைக்கிற செலவுதான் ரிப்பேர். ஒரு முழு மெஷினை எடுத்துவிட்டு இன்னொரு மெஷின் வைத்தால் அது புதுச் சொத்து. ஆனால் தீர்ப்பிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பழைய பாகம் மார்க்கெட்டில் கிடைக்கவில்லை, அல்லது 50, 60 வருஷம் உழைத்து ஓய்ந்துவிட்டது என்றால் மாற்றுவதும் ரிப்பேர்தான்.

"பார்த்தாயா, 50 வருஷ பம்ப், மாற்றினால் தப்பில்லை" என்று எதிர்க்கட்சி வக்கீல் குதிப்பார். குதிக்கட்டும். ஓய்ந்துபோனது எது என்பதுதான் கேள்வி. ஓய்ந்தது துணி. வார்ப்பு உடம்பும் லீவரும் ஸ்பிரிங்கும் ஓயவில்லை. ரிப்பேர் என்றால் எதையுமே மாற்றாமல் இருப்பது இல்லை. எதை மாற்ற வேண்டும் என்று சரியாகக் கண்டுபிடிப்பதுதான் ரிப்பேர். லீவரின் ஊசி தேய்ந்து ஆடுகிறது, அடித்தட்டு வளைந்துவிட்டது, வார்ப்பில் விரிசல் என்றால் தாராளமாகப் பம்ப்பையே மாற்றுங்கள், நானே வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன். திறந்து பார்க்காமலே மாற்றுவதைத்தான் எதிர்க்கிறேன்.

"50 வருஷ வண்டிக்கு இவ்வளவா?" என்று கேட்கும் கணக்குப் புலிகளுக்கு: வருஷம் 15% தேய்மானம் போட்டால் ஒரு லட்ச ரூபாய் வண்டி 50 வருஷத்தில் சுமார் 30 ரூபாய்க்கு வந்து நிற்கும். புத்தக மதிப்பைப் பார்த்து முடிவெடுப்பதென்றால் தாத்தா பாட்டியையும் ரைட்-ஆஃப் பண்ண வேண்டியதுதான். அரசாங்கமே 2021-ல் 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு வி.ஏ. என்று தனிப் பதிவு வரிசை கொடுத்தது. நிபந்தனை என்ன தெரியுமா? வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. ஒரு பம்ப்பை மாற்றினால் பதிவு போய்விடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் அசல் என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று விதியே சொல்கிறது.

இப்போது கொஞ்சம் கோபமாக ஒரு விஷயம். 20% எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023-ல் சில மாநிலங்களில் ஆரம்பித்து, 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கம், பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், செலவும் கம்மி, வேலையும் சுலபம் என்பது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. இங்கிலாந்தில் 2021-ல் சாதாரண பெட்ரோலை இ-10 ஆக்கியபோது, பழைய வண்டிகளுக்காக சூப்பர் கிரேடில் இ-5 கிடைக்கும்படி விட்டுவைத்தார்கள்.

வருஷத்துக்கு 500 கிலோமீட்டர் ஓடும் ஹெரால்டு 20,000 தொட 40 வருஷம் ஆகும். அதன் டயாஃப்ரம் ஓடி ஓடிக் கெடுவதில்லை, நின்று நின்று ஊறிக் கெடுகிறது. சரி, மாற்றுகிறோம் ஐயா. எங்கே வாங்குவது? அம்பாசடருக்கும் பத்மினிக்கும் கிட் தேடினால் கிடைக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பரா, பழைய ரப்பரா என்று நான் பார்த்த எந்தப் பாக்கெட்டிலும் எழுதியிருக்கவில்லை. "சுலபம்" என்று சொல்வது சுலபம்.

சட்டம் நமக்கு உதவுமா? 2014-ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது, வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கவிடாமல் செய்ததற்காக. மேல்முறையீட்டில் சிலருக்குக் குறைந்தது வேறு கதை. 2022-ல் ரிப்பேர் உரிமைக்கு ஒரு கமிட்டியும் போர்ட்டலும் வந்தன, கார்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் செத்துப்போன கம்பெனியின் வண்டிக்கு யாரைக் கேட்பது? நம்மையேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் ஓசூர்க்காரர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம். 1980-லிருந்து லாரியும் மொபெட்டும் செய்து கொடுத்த ஊர் இது. இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் செய்கிறது. சிப்காட்டில் ரப்பர் பார்ட்ஸ் பண்ணுகிறவர்கள், லேத் போட்டிருக்கிறவர்கள், டூல் ரூம் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் உள்ளங்கை அளவு ரப்பர் துணி கடல் தாண்டி வர வேண்டியிருக்கிறது. அந்த டயாஃப்ரம் தட்டையான துணிதான், மக்களே. ஃப்ளோரோ ரப்பர் பூசிய ஷீட், வட்டமாக வெட்ட ஒரு பஞ்ச், நடுத் தண்டை ரிவிட் அடிக்க ஒரு பட்டறை போதும். ஃபர்ஸ்ட் இயரில் படித்தோமே, நிலையான செலவு பத்து பேருக்குப் பங்கு போட்டால் பத்தில் ஒன்று, நூறு பேருக்குப் போட்டால் நூறில் ஒன்று. ஒருத்தர் போய்க் கேட்டால் விரட்டிவிடுவார்கள். ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

எனவே, ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூர் பக்கம் ஹெரால்டு, கெஸல், அம்பாசடர், பத்மினி எது வைத்திருந்தாலும், வண்டியின் வருஷத்தையும் டயாஃப்ரத்தின் குறுக்களவையும் ஸ்க்ரூ ஓட்டைகள் எத்தனை என்பதையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பட்டியல் போடும் வேலை என்னுடையது, லெட்ஜர் எழுதத்தானே படிக்கிறேன். அதுவரை, பழைய பம்ப்பை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.