வைகையை அடைக்கும் ஆகாயத்தாமரை: வெட்ட வெட்ட வளர்வது ஏன்? ஆற்றுக்கு என்ன ஆபத்து?

வைகை அணையில் தண்ணீர் திறந்தால் மதுரைக்காரர்கள் பார்த்துப் பழகிய காட்சி இது. யானைக்கல் தரைப்பாலத்தில் ஆகாயத்தாமரை கூட்டமாக வந்து சிக்கும். அடியில் போக வழியில்லாத தண்ணீர், பாலத்தின் மேலேறி ஓடும். ஆளை வைத்தோ பொக்லைன் வைத்தோ அள்ளுவார்கள். அத்தோடு பிரச்சனை முடிந்ததா?

பனிக்கட்டி செய்யும் அதே வேலை!

குளிர் நாடுகளில் உடைந்த பனிக்கட்டிகள் ஆற்றின் வளைவிலும் பாலத்திலும் சிக்கி அணைபோல நின்றுவிடும். 2001 மே மாதம் ரஷ்யாவின் லேனா ஆறு இப்படி அடைபட்டு, லென்ஸ்க் நகரமே மூழ்கியது. அடைப்பை உடைக்க விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். வைகையில் பனி கிடையாது. ஆனால் மிதக்கும் பொருள் ஆற்றை அடைத்தால் நடப்பது ஒன்றுதான்.

ஆற்றுப்படுகைக்கு என்ன ஆகும்?

அடைப்புக்கு மேல்பக்கம் தண்ணீர் வேகம் குறையும். வேகம் குறைந்தால் வண்டல் அடியில் படியும், படுகை மேடாகும். மேடான ஆற்றில் குறைந்த தண்ணீரே கரையைத் தொட்டுவிடும். இன்னொரு பக்கம், கிடைக்கும் சின்ன இடுக்கு வழியாகத் தண்ணீர் சீறிப் பாயும். அந்த இடத்தில் மணல் அரித்துப் பள்ளமாகும். பாலத்தின் தூணுக்கு அருகில் இது நடந்தால் அடித்தளத்துக்கே ஆபத்து. மதுரையைத் தாண்டி சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களுக்குப் போக வேண்டிய தண்ணீரும் தாமதமாகும்.

வெட்டினாலும் ஏன் திரும்ப வருகிறது?

பனி, வெயில் வந்தால் உருகிவிடும். ஆகாயத்தாமரை அப்படியில்லை. சூழல் சாதகமாக இருந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். அதன் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதற்கு உரம் யார் போடுகிறார்கள்? நாம்தான். ஆற்றில் கலக்கும் சாக்கடையில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்குச் சாப்பாடு.

அப்போ தீர்வு என்ன?

மழைக்கு முன்பே அள்ள வேண்டும். அள்ளியதைக் கரையிலேயே போட்டால் அடுத்த தண்ணீரில் திரும்பவும் ஆற்றுக்குள்தான் போகும், எனவே அப்புறப்படுத்தணும். பந்தல்குடி போன்ற கால்வாய்கள் வழியாக வரும் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே ஆற்றில் விட வேண்டும். அது நடக்காதவரை, செடியை அள்ளுவது வருடாவருடம் செலவு வைக்கும் வேலையாகவே இருக்கும்.