கேபிள் இழுக்கிற படிப்பு

"மூனு வருஷம் படிச்சிட்டு கேபிள் இழுக்கப் போறானாம்!" சொந்தக்காரர்களிடம் அக்கா தன் மகனின் படிப்பை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார். எஸ்.பி.எம். முடித்ததும் படிவம் ஆறுக்குப் போ என்றார். அவன் கேட்கவில்லை. கல்லூரியில் கணினி வலையமைப்பு டிப்ளோமா சேர்ந்துவிட்டான்.

எனக்கு அந்தப் படிப்பின் மேல் மரியாதை வந்தது ஓர் இரவில். நேரலையில் பேசிக்கொண்டிருக்கிறேன். வானொலிப் பெட்டியில் குரல் போகிறது, கைப்பேசிச் செயலியில் மட்டும் மௌனம். 'அண்ணே, சத்தமே இல்ல' என்று வாட்ஸ்அப்பில் குவிகிறது. தூக்கக் கலக்கத்தோடு வந்த நெட்வொர்க் பையன் இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தான். அன்று மாலை மாட்டிய பிரிண்டருக்கும், எங்கள் ஒலியை இணையத்துக்கு அனுப்பும் கருவிக்கும் ஒரே ஐ.பி. முகவரி. இரண்டு வீட்டுக்கு ஒரே எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஊடகத் துறையில் பட்டம் வாங்கிய நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

போன மாதம் மருமகன் போன் செய்தான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாமாம். "மாமா, சப்நெட்டிங் மண்டையில ஏறல. ரெண்டு டெஸ்ட்லயும் ஃபெயில். படிப்ப நிறுத்திடவா?"

ஞாயிற்றுக்கிழமை மாமாக் கடையில் உட்கார்ந்தோம். சப்நெட்டிங் என்பது பெரிய வலையமைப்பைத் துண்டு போடும் கணக்கு. எனக்கும் தெரியாது, அவனையே சொல்லித் தரச் சொன்னேன். 256 முகவரிகளை நான்காகப் பிரித்தால் துண்டுக்கு 64. ஆனால், கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியது 62தான். முதல் எண் அந்தத் துண்டுக்கே அடையாளம். கடைசி எண்ணுக்கு அனுப்பினால் துண்டில் உள்ள எல்லாருக்கும் போய்ச் சேரும்.

"அதுக்குப் பேரு ப்ரோட்காஸ்ட், மாமா."

அட, அதற்குத்தானே நான் சம்பளம் வாங்குகிறேன்!

பில்லின் பின்பக்கம் ஒரு தாமான் வரைந்தோம். நான்கு லோரோங். எந்த எண்ணில் எந்த லோரோங் தொடங்கும் என்றேன். 0, 64, 128, 192 என்று அவனே எழுதினான். பையனுக்கு மூளையில் குறை இல்லை. இரும எண் பாடத்தில் ஒரு நாள் புரியாமல் போயிருக்கிறது. எழுந்து கேட்கக் கூச்சம். அதற்கு மேல் நடத்தியதெல்லாம் காற்றில் போய்விட்டது.

பிள்ளையை இதில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கட்டட அழகைப் பார்க்காதீர்கள். எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரவுட்டரையும் சுவிட்சையும் மாணவர்கள் கையால் கழற்றி மாட்டுகிறார்களா, இல்லை எல்லாம் கணினித் திரையிலேயே முடிகிறதா? திரையில் பழகுவதும் வேண்டியதுதான். ஆனால், சரியாகச் சொருகாத கேபிளைத் திரையில் தேட முடியாது.

அக்கா இந்தப் பக்கத்தை வாசிப்பவர். அதனால் எழுதலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டேன். "அடுத்த டெஸ்ட் மார்க் வந்த பிறகு போடுங்க மாமா" என்றான்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. 68.