கொல்லைப்புறக் குழாய் அடைத்தால் யார் பொறுப்பு?

நங்கநல்லூரின் பாதாளச் சாக்கடை, மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கொண்டுவந்த திட்டம். ஊர் ஆலந்தூர் நகராட்சியின் கீழ் இருந்தபோது, 2000-ஐ ஒட்டி, வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினார்கள். நகர நிர்வாகம் படிப்பவர்கள் இன்றும் அதை முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். 2011-ல் பகுதி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனால் குழாய் வேண்டும் என்பதில் காட்டிய அக்கறையை, அதற்குள் எதை விடுகிறோம் என்பதில் நாம் காட்டவில்லை. கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்க்கும் இடத்திலிருந்து போகும் தண்ணீர் பின்வாங்கி நின்றால், காரணம் பெரும்பாலும் நம் அடுப்படிதான். அதைத் தடுக்கும் கடமையும் நம்முடையதே.

வீட்டுக் கழிவுநீர் சேரும் சேம்பரின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் இது விளங்கும். சுவரை ஒட்டி வெளிறிய கெட்டிப் படலம். அதில் தேங்காய் நார், கறிவேப்பிலை, டீத்தூள், சோற்றுப் பருக்கை. வடைச்சட்டியைக் கழுவும்போது சூடாக இருந்த எண்ணெய் சுலபமாக ஓடிவிடும். சில அடி தள்ளிக் குளிர்ந்ததும் குழாயில் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பிலிருந்து பிரியும் அமிலம், கான்கிரீட்டிலும் உப்புத்தண்ணீரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்புப்போல் இறுகுகிறது. லண்டன் வைட்சேப்பல் பகுதியில் 2017-ல் சாக்கடைக்குள் கண்டுபிடிக்கப்பட்ட கொழுப்புப் பாறை சுமார் 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. அதுவும் சமையலறைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்ததுதான்.

வெந்நீரோ ஆசிடோ ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வெந்நீர் அடைப்பைக் கரைப்பதைவிட அடுத்த வளைவுக்குத் தள்ளிவிடுவதே அதிகம். ஆசிட் சிமென்ட் பூச்சை அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டுக்கும் மசியாத அடைப்புக்குத் தெருவில் போகும் ஒருவரை அழைத்து, சேம்பருக்குள் இறங்கச் சொல்கிறோம். இங்கேதான் இது வீட்டு விவகாரமாக இல்லாமல் போகிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உள்ளாட்சி அமைப்பை மட்டுமல்ல, அந்தத் தடை எந்தத் தனிநபரையும் கட்டுப்படுத்தும். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டியிருந்தது என்றால், அந்தச் சாவுகள் இன்னும் நிற்கவில்லை என்றுதான் பொருள். நாம் ஊற்றிய எண்ணெய்க்கு இன்னொருவர் உயிரைப் பணயம் வைப்பதை எந்தக் கூலியும் நியாயமாக்காது.

கட்டணம் கட்டுகிறோமே, குடிநீர் வாரியம் பார்த்துக்கொள்ளட்டும் என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. தெருக்குழாய் அடைத்தால் 1916-க்கு அழைத்து, இயந்திரம் அனுப்பச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. ஆனால் மதிலுக்கு உள்ளே இருக்கும் குழாய் வீட்டுக்காரருடையது. அங்கே செய்யவேண்டியது பெரிய செலவில்லை. எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுவது, தொட்டி வாயில் ஜல்லடை வைப்பது, சேம்பருக்கு முன்னால் ஒரு கிரீஸ் டிராப் கட்டுவது. அந்தச் சிறு தொட்டியில் தண்ணீர் வேகம் குறையும்போது எண்ணெய் மேலே மிதக்கும், மண்டி அடியில் தங்கும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் வெளியே போகும். வாரம் ஒருமுறை மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுக்காவிட்டால் அந்தத் தொட்டியால் பயனில்லை. கட்டியதோடு மறந்துவிடுகிற வீடுகளில் அதுவே அடைப்பாகிறது.

அடுக்குமாடியில் நான் ஒருவன் செய்து என்ன ஆகும் என்ற கேள்விதான் கடினமானது. மாடி வீடுகளின் கழிவெல்லாம் கீழே ஒரே சேம்பரில் சேருகிறது, அவதி தரைத்தளத்துக்கு. எனவே சம்ப் கழுவுவதற்கு மெயின்டனன்ஸ் பணம் ஒதுக்குவதுபோல, கிரீஸ் டிராப்புக்கும் அதை வாரந்தோறும் வழிப்பதற்கும் குடியிருப்போர் சங்கமே ஒதுக்க வேண்டும். தீபாவளிப் பலகாரமும் ஐப்பசி மழையும் ஏறக்குறைய சேர்ந்தே வருவதால், அந்தத் தீர்மானம் புரட்டாசிக்குள் நிறைவேறியாக வேண்டும்.