துண்டு விழாமல் ஒரு ஸ்பீக்கர்

பட்ஜெட்டில் துண்டு விழாமல் நல்ல ஸ்பீக்கர் வாங்க வேண்டுமா? கடைக்குப் போகும்போது ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியை மூடிவிட்டுக் கேளுங்கள்.

தமாஷ் இல்லை. 1994-ல் அமெரிக்காவில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 40 பேரை உட்கார வைத்து, 4 ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒரு தடவை திரை போட்டு மறைத்து, ஒரு தடவை திரை இல்லாமல். அதில் ஒன்று விலை குறைந்த பிளாஸ்டிக் ரகம். மறைவில் இருந்தவரை பெரிய பெட்டிகளுக்கு ஈடுகொடுத்த அது, ஆளைப் பார்த்ததும் மார்க் இழந்து கீழே வந்துவிட்டது. சத்தம் அதேதான், காதும் அதேதான். நடுவில் கண் புகுந்து கெடுத்தது.

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி வந்து, சென்னை ரிச்சி தெருவில் போய் இறங்குகிற ஒரு தறிக்காரரை வைத்துக்கொள்வோம். புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் ஒரு ஜோடி வேண்டும். கடைப் பையன், "அண்ணா, 2000 வாட்ஸ்ணா!" என்பான். அட்டைப் பெட்டியைப் பார்த்தால் பக்கத்தில் பொடியெழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். ஒரு கண நேரத்துக்கு, அதிர்ஷ்டமும் சேர்ந்தால் எட்டலாம் என்று சொல்லப்படுகிற உச்சம் அது. அளக்கப் பொது விதி எதுவும் கிடையாது. "ஆர்.எம்.எஸ். எவ்வளவுப்பா?" என்று கேளுங்கள். 20, 30 என்று இறங்கி வருவான். வீட்டுக்கு அது தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'டபுள் சத்தம்' என்று தோன்ற வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும்.

இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அதையே காது, "ஆஹா, இதான் நல்லாருக்கு" என்று சொல்லிவிடும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கடைக்காரர் போடுகிற 'டம் டம்' பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லுங்கள். முதலில் 1960-களின் டி.எம்.எஸ். பாட்டு ஒன்று. அந்தக் காலத்து மோனோ பதிவு. இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம் போகும். நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடினால், டி.எம்.எஸ். இரண்டு பெட்டிக்கும் மத்தியில் காலி இடத்தில் நின்று பாட வேண்டும். அங்குமிங்கும் உலாவினால் ஜோடிப் பொருத்தம் சரியில்லை. அல்லது ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒயர் மாறினால் தபேலாவின் கனமும் குறைந்துபோகும். அப்புறம் 1978-ல் வந்த 'ப்ரியா' பாட்டுகள். அவை ஸ்டீரியோ. வாத்தியங்கள் இடம் வலமாகப் பிரிந்து உட்கார வேண்டும்.

பள்ளிப்பட்டுக்காரருக்கு இன்னொரு வசதி உண்டு. 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திராவிலிருந்து தமிழகத்துக்கு வந்த பகுதி அது. இரண்டு பாஷையும் காதில் விழுகிற ஊர். தமிழ்ப் பாட்டில் ல, ள, ழ தனித்தனியாகக் கேட்கிறதா? தெலுங்குப் பாட்டில் ஸ, ஷ பிரிகிறதா? பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அங்கே தேறாத ஸ்பீக்கர், பேஸ் எவ்வளவு அதிர்ந்தாலும் ஃபெயில்தான். சின்னப் பெட்டியிடம் ரொம்ப பேஸ் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சுவரோரம் கொஞ்சம் தள்ளி வைத்தால் செலவில்லாமலே சற்றுக் கூடும். சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் எதிரொலித்தால் நாலு லுங்கிக் கட்டுகளை அறையில் அடுக்குங்கள். தறிக்காரர் வீட்டில் அதற்கா பஞ்சம்?

இனி விளையாட்டில்லாத விஷயம். விசைத்தறிக் கொட்டகையில் இரைச்சல் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். வருஷக்கணக்கில் அதில் நிற்கிறவர் காதில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. வலிக்காது, அதனால் தெரியாது. பாட்டு மங்கலாக இருப்பது போல் மட்டும் தோன்றும். மனிதர் டிரெபிளைத் திருகுவார், சத்தத்தை ஏற்றுவார், ஸ்பீக்கரையே மாற்றுவார். படித்துக்கொண்டிருக்கும் பெண், "அப்பா, காது கிழியுதுப்பா!" என்று கத்துவாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஆகவே, துண்டோடு பெண்ணையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். தீர்ப்பு அவளுடையதாக இருக்கட்டும். பி.எம்.பி.ஓ.வுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் தறிக்கு ஒரு ஜோடி காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஸ்பீக்கர் போனால் ரிச்சி தெருவில் வேறு கிடைக்கும். உள்காதில் ஒலியை வாங்குகிற மெல்லிய செல்கள் போனால் மறுபடி முளைக்காது.