குளத்தைச் சுத்தம் செய்யுமுன்

முதல் பெருமழைக்குப் பின் பள்ளித் தோட்டத்துக் குளம் இரவெல்லாம் தவளைகளின் ஓசையால் நிறைகிறது. மறுநாள் அவற்றின் பெயரைக் கேட்கும் மாணவர்களுக்கு நிறத்தைக் கொண்டே விடை கூறுவது பெருவழக்கு. ஆனால், நிறம் நம்பத்தக்க சான்றன்று. காளைத்தவளையின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் எலுமிச்சை மஞ்சளாகி, நீலக் குரற்பைகளுடன் தோன்றும். அக்காலம் கழிந்ததும் பழைய நிறத்தையே அடைந்துவிடும்.

குளத்தில் இடப்பட்ட முட்டைகள் இதனினும் தெளிவாகப் பேசுகின்றன. தேரை தன் முட்டைகளை நீண்ட இரட்டை இழைகளாக, கண்ணாடிக் குழாயில் கருமணி கோத்தாற்போல், நீர்ச்செடிகளினூடே விட்டுச் செல்கிறது. மரத்தவளை, நீருக்கு மேலுள்ள இலையிலோ தொட்டிச் சுவரிலோ வெண்ணுரைக் கூடு அமைக்கிறது. பொரிந்த தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நீரில் விழுகின்றன. சுமார் 2.5 செ.மீ. நீளமே உள்ள குறுவாய்த் தவளையின் முட்டைகள் நீர்மட்டத்தில் மெல்லிய படலமாக மிதக்கின்றன. தேரையின் தலைப்பிரட்டைகள் கருநிறமானவை, கூட்டமாகத் திரிபவை. குறுவாய்த் தவளையினுடையவையோ உடல் ஊடுருவித் தெரிபவை.

வயல்வெளிகளில் காணும் சிறு பழுப்புத் தவளைகளுள் பல இனங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், அவற்றைக் கண்ணால் மட்டும் பிரித்தறிதல் அரிது. அத்தகைய நிலையில் தேதி, இடம், ஓசை ஆகியவற்றைக் குறித்து, 'இனம் தெளிவாகவில்லை' என்று எழுதுவதே நேர்மை. தவறான பெயரைக் காட்டிலும் அக்குறிப்பே விஞ்ஞானத்திற்குப் பயன் தரும்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. கொசு ஒழிப்பின் பொருட்டுச் சில இடங்களில் குளத்தில் எண்ணெய் தெளிக்கின்றனர். அல்லது அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கம்பூசியா மீனை விடுகின்றனர். அம்மீன் கொசுப் புழுக்களை மட்டுமன்றித் தவளையின் முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் உண்ணும். காளைத்தவளையின் தலைப்பிரட்டைகளோ தாமே கொசுப் புழுக்களைத் தின்பவை. அறியாமல் செய்யும் சுத்தம் உதவியாளரையே அழித்துவிடுகிறது.

கொசுவைக் கட்டுப்படுத்துதல் அவசியமே. எனினும், டெங்குவைப் பரப்பும் கொசு பெரிதும் வளர்வது மழைநீர் தேங்கிய பழைய டயர்களிலும் உடைந்த கலங்களிலும், மூடாத தொட்டிகளிலுமாகும். முதலில் அகற்றத்தக்கவையும் மூடத்தக்கவையும் இவையே. குளத்தில் புழுக்கள் தென்பட்டால் சிறு வலையால் எடுத்துவிடலாம். பார்வைக்கென எடுத்த தலைப்பிரட்டைகளை அன்றே அதே குளத்தில் விட்டுவிட வேண்டும். ஆய்ந்தறிந்த பின்னரே கை வைப்பது என்பதை ஒவ்வொரு பள்ளியும் களப்பணியாளரும் விதியாகக் கொள்வது நன்று.