விளையாட்டில் கணக்கு எங்கே இருக்கிறது?

2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு ரத்து செய்யப்பட்டது முதல், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் கணிதத் தரம் குறித்துப் பெற்றோரிடையே கவலை இருந்து வருகிறது. மறு ஆண்டு நடந்த அனைத்துலக பீசா ஆய்வு அந்தக் கவலையைக் கூட்டியது. மலேசியாவின் 15 வயது மாணவர்கள் கணிதத்தில் 409 புள்ளிகளே பெற்றனர். 2018இல் அது 440ஆக இருந்தது. ஓஇசிடி நாடுகளின் சராசரி 472. அண்டை நாடான சிங்கப்பூர் 575 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தது. அடிப்படைத் தேர்ச்சியாகக் கருதப்படும் 2ஆம் நிலையை எட்டிய நம் மாணவர்கள் நூற்றுக்கு 41 பேர்தான்.

தேர்வு போனதால் வந்த வினை என்று இதைச் சொல்லிவிட முடியாது. 2022இல் 15 வயதில் இருந்தவர்கள் யுபிஎஸ்ஆர் நடந்த காலத்தில் ஆறாம் ஆண்டை முடித்தவர்கள். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்ததும் அவர்களைப் பாதித்தது. ஆனால், தேர்வு இருந்தபோதும் பலருக்கு அடித்தளம் உறுதியாக அமையவில்லை என்பதே உண்மை.

இன்று வீட்டுக்கு வரும் மதிப்பீட்டில் தேர்ச்சி நிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. 'நிலை 3' என்பதைப் பார்த்து, பிள்ளைக்கு 8ஐயும் 7ஐயும் விரல் விடாமல் கூட்டத் தெரியுமா என்று எந்தப் பெற்றோரும் அறிய முடியாது. டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் குறையை அங்கே கண்டுபிடிக்கிறார்கள். முடியாதவர்களுக்கு அது இடைநிலைப்பள்ளியில்தான் தெரிய வருகிறது.

வீட்டிலேயே செய்யும் விளையாட்டுகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும். ஆனால், எல்லா விளையாட்டும் கணக்கைக் கற்றுத் தந்துவிடாது. அமெரிக்காவில் கீதா ரமணி, ரோபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. வசதி குறைந்த வீட்டுப் பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினர், 1 முதல் 10 வரை நேர்க்கோட்டில் எழுதிய அட்டையில் காய் நகர்த்தினர். மற்றவர்களின் அட்டையில் எண்ணுக்குப் பதில் வண்ணங்கள் இருந்தன. இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல ஆடினார்கள். எண் அட்டையில் ஆடியவர்கள் எண்களை அறிவதிலும் எது பெரிது என்று சொல்வதிலும் முன்னேறினர். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்தது. வண்ண அட்டையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

ஆடும் முறையும் முக்கியம். 5ஆம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு 2 விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று எண்ணக்கூடாது. "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர வேண்டும். அப்போதுதான் கூட்டல் மனத்தில் பதியும்.

இதற்கு ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையும் இரண்டு பொத்தான்களும் போதும். சோங்காக், அதாவது நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழி, வீட்டில் இருந்தால் விதைகளைக் கையில் எடுத்ததும் 'கடைசி விதை எந்தக் குழியில் விழும்?' என்று கேளுங்கள். 30 முட்டை வைக்கும் தட்டில் ஐந்து வரிசை, ஆறு வரிசை இருக்கும். அதைத் திருப்பி வைத்தால் ஐந்தாறும் ஆறைந்தும் ஒன்றே என்பதைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கும். வாய்ப்பாட்டில் பாதிச் சுமை அங்கே குறைகிறது.

கடை விளையாட்டு இப்போது முன்பைவிட அவசியம். கைப்பேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறோம். பிள்ளைகள் மீதிக் காசை எண்ணுவதைப் பார்ப்பதே அரிதாகி வருகிறது. 3 வெள்ளி 65 காசு பொருளுக்கு 5 வெள்ளி கொடுத்தால் மீதி எவ்வளவு? 65இலிருந்து 70க்கு 5 காசு, 4 வெள்ளிக்கு இன்னும் 30 காசு, 5க்கு ஒரு வெள்ளி. கழித்தலைத் தாளில் தொடங்குமுன் கையில் பழகட்டும்.

வேகப் போட்டி வேண்டாம். அண்ணன் முந்திச் சொன்னால் தம்பி யோசிப்பதையே விட்டுவிடுவான். தவறாகச் சொன்னால், 'எப்படி எண்ணினாய்?' என்று கேளுங்கள். பிள்ளை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறினால், அதைக் குறித்து வைத்து வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். 'கணக்கில் பின்தங்கியிருக்கிறான்' என்பதைவிட, 'பத்தைத் தாண்டிக் கூட்டும்போது தடுமாறுகிறான்' என்று சொன்னால் ஆசிரியரால் மறுநாளே உதவ முடியும்.